வசனத்தின் வால்

ஜனவரி 12, ஞாயிறு

ஆரணி இன்று கதைத்தாள்.

எழுதிவிட்டுப் பார்த்தால் ஏதோ பத்து மாதக் குழந்தையைப் பற்றி எழுதியதுபோல் இருக்கிறது. வருகிற ஜூனில் அவளுக்கு நாலு வயது முடியும். ‘பால்’, ‘வேண்டாம்’, ‘அப்பா ட்ரக்’, இவ்வளவுதான் இதுவரை அவளுடைய சொத்து. அவளுடைய அப்பா ரமணன் வினிப்பெக் பக்கம் எங்கேயோ பனியில் ட்ரக்கோடு நிற்கிறார். பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் ஒத்திகைக்குக் கொண்டுபோனேன்.

நாங்கள் ஒத்திகை பார்க்கிற மண்டபம் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சாமான் கடையின் பின்பக்கம். சுவர் தாண்டிக் கருவாட்டு வாசம் வரும். குழுவின் பெயர் ‘ஐந்து கதிரை’. அதைத் தொடங்கிய ஜோஸ்லின் டிரினிடாட்காரி. காலையும் மாலையும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார், இடையில் நாடகம் போடுவார். கதை சொல்கிறவர்கள் நாலு பேரும் கதிரைகளில் உட்கார்ந்து அவரவர் மொழியில் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் ஆள் நின்று, ஒரு வசனம் பிந்தி, அதை ஆங்கிலத்தில் சொல்வார். அவருக்கு எங்கள் குழுவில் ‘நிழல்’ என்று பெயர். நிழல் எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ‘அவர் சொல்கிறார்’ என்று தள்ளி நிற்கக்கூடாது, ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தாவது கதிரை வெறுமையாக இருக்கும். கடைசியில் சபையிலிருந்து யாரும் வந்து இருந்து தங்கள் கதையைச் சொல்லலாம்.

நான் குகன் அண்ணையின் நிழல். அவர் வவுனியாக்காரர், இங்கே பேக்கரி ஒன்றில் வேலை. நாட்டிலிருந்து வந்த முதல் குளிர்காலத்தைச் சொல்வார். இன்று அந்த இடம் வந்தது. போன் பூத்துக்குள் நின்று, தம்பியோடு கதைக்க ஊருக்குப் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறார். “தம்பி வரவேயில்லை.”

“வரவேயில்லை,” என்று குளிர் ஜாக்கெட்டுகள் குவித்த மூலையிலிருந்து ஒரு குரல்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதன் கடைசியையும் அந்தக் குரல் எடுத்தது. சொல் மட்டும் இல்லை. குகன் அண்ணையின் மூச்சு, ‘இல்லை’யில் அவர் குரல் கீழே போய் உட்காருகிற விதம், எல்லாம் இருந்தது. ஜோஸ்லின் நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார். கதை முடியும்வரை ஆரணி ஒவ்வொரு வசனத்தின் வாலையும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ரமணனின் போனில் தகவல் விட்டேன். பிள்ளை கதைக்கிறாள், இரண்டு மொழியில் கதைக்கிறாள்.


ஜனவரி 15

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஆரணி சப்பாத்து போட மறுத்து வாசலில் படுத்துக்கிடந்தாள். நர்சரிக்குப் போகவில்லை. கீழ் வீட்டுப் போர்த்துக்கேய அம்மா கதவைத் தட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டார். பிள்ளை விழுந்துவிட்டாள் என்றேன். விழவில்லை. கேட்டால் எதையாவது சொல்ல வேண்டுமே.

நித்திரை கொண்டு கனகாலம்.


ஜனவரி 19, ஞாயிறு

ஆரணிக்கும் நாடகத்தில் பாத்திரம் கிடைத்துவிட்டது.

ஜோஸ்லினுக்கு இரவெல்லாம் அதே யோசனையாம். கதை சொல்கிறவர் ஒரு குரல், நிழல் ஒரு குரல், அதற்கும் பின்னால் குழந்தையின் எதிரொலி. மேடையில் அவளை ஒன்றும் செய்யச் சொல்வதில்லை, நடுவில் ஒரு பாய் போட்டு விளையாட விட்டால் போதும், பிடித்த வாலைப் பிடிக்கட்டும் என்கிறார். இருபது வருடம் நடிகர்களிடம் கெஞ்சிக் கேட்ட கவனிப்பு இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது என்றார். எனக்குக் கண் நிறைந்தது. ஆரணியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்டு எவ்வளவு காலம்.

லிகாயா அவளை மடியில் வைத்திருந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, ஒரு பணக்கார வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. தன் மகளை ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளுடைய கதை முழுக்க ஒரு கிண்ணம் சூப்தான். வீடியோவில் கதைக்கும்போது மகள் கரண்டியில் சூப் எடுத்து, ஊதி ஆற்றி, போனின் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுவந்து நீட்டுவாளாம். இவள் இங்கே வாயைத் திறந்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அழுவாளாம்.

லிகாயா கதை சொல்லிச் சொல்லியே ஆரணிக்குத் தலை பின்னிவிட்டாள். வீட்டில் சீப்பை எடுத்தாலே யுத்தம். இங்கே பூனைக்குட்டி மாதிரி இருந்தாள். அவள் நல்ல பிள்ளைதான். வேறு ஆட்களிடம் நல்ல பிள்ளை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னைப் பார்த்து, “டிட் யூ ஈட், மை லவ்,” என்றாள். அப்படியே ஜோஸ்லின். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.


ஜனவரி 28, செவ்வாய்

ரமணன் நேற்று வந்தார். நாளைக்குத் திரும்பவும் ஓட்டம்.

வந்ததும் ஆரணியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு என்னம்மா சொல்லப்போறீர் என்று கேட்டார். “சொல்லப்போறீர்,” என்றாள். பேர் என்ன என்று கேட்டார். “பேர் என்ன,” என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, அவளை இறக்கி விட்டார்.

“இது கதைக்கிறது இல்லையப்பா,” என்றார் என்னிடம். “நாங்கள் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லுறா. அவ்வளவுதான்.”

குடும்ப டாக்டர் சொன்ன பேச்சுப் பரிசோதனைக்குப் பெப்ரவரி இருபதாம் திகதி கிடைத்திருக்கிறது. கட்டாயம் போக வேண்டும், அந்த நாள் நான் வெளியூரில் நிற்பேன், நீர் கொண்டுபோம் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்குக் கிழமையில் ஒருநாள்தான் பிள்ளை, எனக்கு முழுநாளும் பிள்ளை, எனக்குத் தெரியாதா என்றேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் ஒரு பாடமாகப் படித்தவள் நான் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் ஏ.எல்லோடு படிப்பை நிறுத்தியவர்.

பின்னேரம் ஆரணி பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரமணன் குனிந்து கேட்டார். ‘தலை வெடிக்குது’ என்று சொல்கிறாளே, எங்கே கேட்டது என்றார். தமிழ் சீரியலில் கேட்டிருப்பாள் என்றேன். அந்த இணைப்பைப் போன செப்டெம்பரிலேயே வெட்டிவிட்டோமே என்றார்.

அப்படியென்றால் யூடியூப்பாக இருக்கும். பார்த்து நிறுத்த வேண்டும்.


பெப்ரவரி 6

இன்று முழுநாளும் நான் சத்தம் போடவில்லை. ஏனோ அதை எழுதி வைக்க வேண்டும் போல் இருந்தது.


பெப்ரவரி 20, வியாழன்

பரிசோதனைக்குப் போகவில்லை. நானே போன் எடுத்து வேறொரு நாள் தரும்படி கேட்டேன்.

முதல் காட்சி நடக்கப்போகிற நூலக மண்டபத்தில் விளக்கு, ஒலிவாங்கி எல்லாம் வைத்துப் பார்க்க இன்று மட்டும்தான் தந்தார்கள். ஆரணி இல்லாமல் பார்த்துப் பிரயோசனம் இல்லை என்று ஜோஸ்லின் சொன்னார். பரிசோதனை இருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் போகச் சொல்லியிருப்பார். அதனால்தான் சொல்லவில்லையோ தெரியாது. மேடையில் அவள் கெட்டிக்காரி. பரிசோதனை அறைக்குக் கொண்டுபோனால் பிளொக் கட்டையை அடுக்கச் சொல்லுவார்கள், அடுக்கமாட்டாள், குறித்துக்கொள்ளுவார்கள். கெட்டிக்காரியாக ஓர் இடத்திலாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

ரமணனிடம் பரிசோதனை நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டேன். ஒன்றும் பயப்பட இல்லையாம் என்று சொல்லும்போது அவர் போனில் விட்ட மூச்சு இன்னும் காதுக்குள் நிற்கிறது.


மார்ச் 8, சனி

முதல் காட்சி முடிந்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லா நிற மனிதரும் இருந்தார்கள். பின்வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம், குகன் அண்ணையின் பேக்கரியில் வேலை செய்கிறவர்கள். லிகாயா போனை நோக்கி வாயைத் திறந்து சூப் வாங்கியபோது முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆரணி பாயில் இருந்து கட்டைகளை உருட்டிக்கொண்டே வால்களைப் பிடித்தாள். குகன் அண்ணையின் ‘வரவேயில்லை’க்கு மண்டபமே மூச்சை நிறுத்தியது.

பிறகு வெறுங்கதிரையின் நேரம். ஜோஸ்லின் சபையைப் பார்த்து, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் இருமல், பிறகு ஒருவர் எழும்புவார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். இன்று யாரும் எழும்பவில்லை. ஆரணி எழும்பினாள்.

பாயிலிருந்து நடந்துபோய்க் கதிரையில் ஏறி இருந்தாள். கால் நிலத்தில் படவில்லை. சபை செல்லமாகச் சிரித்து அடங்கியது. ஜோஸ்லின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தமிழுக்கு நிழல் நான்தானே. போய் அவள் பின்னால் நின்றேன்.

அவள் சொன்னாள். யாருடைய வாலையும் பிடிக்காமல், முதல்முறையாக, முழு வசனங்கள். ஒன்றன்பின் ஒன்றாக. தமிழில்.

அவள் சொன்னதை இன்று எழுத மாட்டேன்.

எல்லோரும் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தார்கள். இருநூறு முகமும் என் வாயைப் பார்த்தன. நான் சொன்னேன்: என் அம்மா களைத்துப்போய் இருக்கிறா. ஆனாலும் என்னைத் தூக்கி வைத்துக்கொள்ளுவா. என்னை ஒருநாளும் விட்டுவிட்டுப் போகமாட்டா.

“நெவர் லீவ் மீ,” என்றாள் ஆரணி.

இப்போது அது என் ஆங்கிலக் குரலில் இருந்தது, மேடைக்குரலில். சபை எழும்பி நின்று கைதட்டியது. அவளுக்குச் சத்தம் பிடிக்காது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதற்கும் கைதட்டினார்கள். பின்வரிசைத் தமிழ்க் குடும்பம் மட்டும் தட்டவில்லை. குகன் அண்ணை தன் கதிரையில் இருந்தபடியே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.


மார்ச் 10, திங்கள்

உடுப்புத் தோய்த்தேன். பருப்பு முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜோஸ்லின் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போன் எடுத்தார். எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்களாம். வசந்தம் முழுக்க மற்ற நூலகங்களிலும் போட வேண்டுமாம். வெறுங்கதிரைக்கு யாரும் வராவிட்டால் ஆரணி வரட்டும், அதே மூன்று வசனத்தைச் சொல்லட்டும், அது மட்டும் போதும் என்றார். “நான் உன் அம்மாவாக இருந்தால் உன்னைப் பார்த்துப் பெருமையில் செத்துப்போவேன்,” என்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

சரி என்றேன்.

ஆரணி குளிக்கும்போதெல்லாம் ‘நெவர் லீவ் மீ’ என்கிறாள். தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, வாளியைப் பார்த்துச் சொல்கிறாள்.


மார்ச் 12, புதன்

குகன் அண்ணை வேலை முடிந்து போகிற வழியில் ஒரு பை பாணோடு வந்தார். உள்ளே வாங்கோ என்றேன், வரவில்லை. வாசலில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டித் தட்டிக்கொண்டிருந்தார். சுகம் கேட்டார். ரமணன் எப்ப வருவார் என்று கேட்டார். பிறகு, பாணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீர் சொன்னது அவ சொன்னது இல்லைத் தங்கச்சி.”

நான் பாண் பையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

“எனக்குத் தெரியும், பிள்ளையோட தனிய மல்லுக்கட்டுறது லேசில்லை. அதைக் கேக்க நான் வரேல்லை. ஆனா ஞாயிற்றுக்கிழமை அந்த மனிசி ஜோஸ்லின் ‘பிழை இருக்கோ’ எண்டு கேக்கும். நான் என்ன சொல்லுறது? நீர் சொல்லும்.”

குழுவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும், காட்சிக்கு அடுத்த கூட்டத்திலும் எல்லோரும் வட்டமாக இருப்போம். எந்த நிழலாவது பிழையாகச் சொல்லியிருந்தால், அந்த மொழி தெரிந்தவர் அங்கே திருத்த வேண்டும். சின்னப் பிழைகள்தான் வரும். ஒருமுறை லிகாயாவின் நிழல் சூப்பைத் தேநீர் என்று சொல்லிவிட்டு எல்லோரிடமும் பேச்சு வாங்கினார். தமிழ் தெரிந்தது எனக்கும் குகன் அண்ணைக்கும் மட்டும்.

சின்னப்பிள்ளை என்னத்தையோ உளறினது அண்ணை, அதையும் கதை என்று எடுப்பதா என்று கேட்டேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே ஆரணியைப் பார்த்துக் கையை ஆட்டினார். “போயிட்டு வாறன் பிள்ளை.”

“வாறன் பிள்ளை,” என்றாள்.

அவர் போன பிறகு பாண் இன்னும் சூடாக இருந்தது. வெட்டாமல் அப்படியே வைத்திருந்தேன்.


மார்ச் 16, ஞாயிறு

வட்டமாக இருந்தோம். ஆரணி லிகாயாவின் மடியில். ஜோஸ்லின் சிரித்துக்கொண்டே, பிழை ஏதும் உண்டா, இந்த முறை ஒன்றும் இராது என்றார். குகன் அண்ணை தன் தொப்பியை மடித்து மடித்து விரித்தார். அவர் சொல்லமாட்டார் என்று விளங்கியது. நான் சும்மா இருந்தால் அடுத்த நூலகத்திலும் சும்மா இருப்பார். அது இவருக்கும் பிழையாகிப்போகும்.

ஆரணி லிகாயாவின் சங்கிலியை வாயில் வைத்துக்கொண்டு, யாரும் ஒன்றும் சொல்லாத அந்த அமைதிக்குள், “நெவர் லீவ் மீ,” என்றாள். எல்லோரும் ஐயோ என்று உருகினார்கள்.

நான் எழும்பி வெறுங்கதிரையில் இருந்தேன். நான் கேட்காமலே குகன் அண்ணை வந்து பின்னால் நின்றார். ஆரணி அன்று சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

“வாயைப் பொத்து. தலை வெடிக்குது எனக்கு. உன்னை எங்கையாவது விட்டிட்டுப் போயிடுவன். அழாதை. அழாதை எண்டுறன்.”

அவர் அதை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னார். உடைந்த ஆங்கிலம். ஆனால் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ‘நான்’ என்றுதான் சொன்னார்.

பிறகு நானே ஆங்கிலத்தில் சொன்னேன். அது என்னுடைய வசனம், என்னுடைய குரல், ஜனவரியிலும் சொன்னேன், அதற்கு முதலும் சொன்னேன், நித்திரை இல்லாத நாட்களில். பரிசோதனை நாளை மாற்றியதையும் சொன்னேன். யாராவது கோபித்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஜோஸ்லின் கோபிக்கவில்லை. பெரிய உடம்பு அவருக்கு, அது கதிரையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிப்போனது. நாங்கள் எல்லோரும் இந்தப் பிள்ளை எப்படிச் சொல்கிறாள் என்று பார்த்தோம், என்ன சொல்கிறாள் என்று கேட்கவேயில்லை என்றார். எதிரொலி என்று பெயர் வைத்துக் கைதட்டினோம், வேறு எந்தக் கூட்டமாவது இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கும், எங்கள் பிழைப்பே ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதென்பதால் எங்களுக்கு அது வித்தையாகத் தெரிந்தது என்றார்.

லிகாயாதான் என்னைப் பார்க்கவில்லை. ஆரணியின் தலையில் நாடியை ஊன்றிக்கொண்டு, என் மகளை அதட்டக்கூட எனக்கு ஒருநாள் கிடைக்கவில்லை, போன் அணைந்துவிடுமோ என்று எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். பிறகு பிள்ளையை என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கனநேரம் கேட்டது.

ஆரணி இனி மேடைக்கு வரமாட்டாள். அது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. தெரிந்தே மாற்றிச் சொன்ன நிழல் இனி நிழலாக நிற்கக்கூடாது என்பது ஜோஸ்லின் எடுத்த முடிவு. அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தார். வந்து சபையில் இரு, எப்போதும் இரு என்றார். நான் தலையாட்டினேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது கருவாட்டு வாசம் மூக்கில் அடித்தது. நாளைக்கு இந்த வாசத்துக்கும் ஏங்குவேன்.


மார்ச் 18

ரமணனிடம் எல்லாம் சொன்னேன். இருபதாம் திகதி பற்றியும்.

அவர் போய் ஆரணியின் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கதவு திறந்துதான் இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை.


மார்ச் 29, சனி

இன்று அவர்களுக்கு இரண்டாவது நூலகம். நான் போகவில்லை. முட்டை அவித்தேன், ஆரணி வெள்ளையை மட்டும் சாப்பிட்டாள்.

லிகாயா போன் எடுத்தாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு முதல்முறை. குகன் அண்ணைக்கு வேறு நிழல் பார்த்தார்களாம், அவர் வேண்டாம் என்றாராம். தன் கதையை முதலில் தமிழில் ஒரு வசனம் சொல்லி, எழும்பிக் கதிரைக்குப் பின்னால் போய் நின்று, தன் ஆங்கிலத்தில் அதையே சொல்லி, திரும்பவும் வந்து இருந்து, அடுத்த வசனம். முழங்கால் வருத்தக்காரர். போய்ப் போய் வந்தாராம். முதலில் ஆட்கள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை என்றாள். ‘தம்பி வரவேயில்லை’ என்று சொல்லிவிட்டு, வழக்கத்தில் ஆரணிக்காகக் கொஞ்சம் நின்றாராம். யாரும் திருப்பிச் சொல்லாததால் அடுத்த வசனத்துக்குப் போக அவருக்கு வழி தெரியவில்லையாம்.

போனை வைக்கும்போது, ஆரணிக்குத் தலை பின்ன எப்போதாவது வரட்டா என்று கேட்டாள். வா என்றேன்.


ஏப்ரல் 10, வியாழன்

ரமணன் லீவு எடுத்தார். காலையில் அவர்தான் ஆரணிக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டார். அரை மணித்தியாலம் வாசலில் கூடவே படுத்துக்கிடந்து போட்டுவிட்டார்.

பேச்சு நிபுணர் என்னைவிட வயது குறைந்த பெண். மேசைக்குப் பின்னால் இருக்காமல் நிலத்தில் உட்கார்ந்தார். ஆரணி கட்டைகளை அடுக்கினாள். அடுக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன். நிறத்துக்கு நிறம் பிரித்து, அழகாக அடுக்கினாள்.

வேறு பரிசோதனைகளும் இருக்கின்றன, இன்று எந்தப் பெயரும் சொல்லமாட்டேன் என்றார். ஆனால் ஒன்றைச் சொன்னார். சில பிள்ளைகள் சொல் சொல்லாகப் படிப்பதில்லை. முழு வசனத்தை அதன் குரலோடும் மூச்சோடும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதற்குள் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குத் தெரியாது, அந்த வசனம் எந்த நேரத்துக்கு உரியது என்பது தெரியும். திரும்ப அந்த நேரம் வந்தால் வெளியே எடுப்பார்கள். அது பாவனை இல்லை, அதுதான் அவள் கதைக்கிற முறை என்றார். ரமணன் என்னைப் பார்த்தார். இது கதைக்கிறது இல்லை என்று சொன்னவர் அவர், கதைக்கிறாள் என்று சொன்னவள் நான். இரண்டு பேரும் பிழை, இரண்டு பேரும் சரி.

அவளிடம் இருக்கிற வசனத்தைச் சொல்லாதே என்று தடுக்க வேண்டாம், அதே நேரங்களுக்கு வேறு வசனங்களைக் கொடுங்கள் என்றார். நாடகத்தால் வந்ததா என்று ரமணன் கேட்டார். இல்லவே இல்லை என்றார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இந்த மாதங்களும் கிடைத்திருக்கும் என்பதை மிகவும் மெல்லச் சொன்னார். மேடையில் எல்லோரும் அமைதியாகிக் காத்திருந்தபோது அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று நான் கேட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. வீட்டில் நான் கத்தி முடித்து, அவள் கேவிக்கொண்டிருக்க, எல்லாம் அமைதியாகிற ஒரு நேரம் உண்டு. எனக்குத் தெரியும்தான்.

வெளியே மழை. ரமணன் கோப்பி வாங்கிவரப் போனார். நான் காரின் பின்சீற்றில் ஆரணியின் பக்கத்தில் ஏறி, அவளுடைய பெல்ட்டைக் கொழுவிவிட்டேன். கொழுவிய கை அங்கேயே நின்றுவிட்டது. எத்தனையோ மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. சத்தத்தை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஆரணி கண்ணாடியில் ஓடுகிற மழையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தை அவள் நேராகப் பார்ப்பது அபூர்வம்.

“அழாதை,” என்றாள்.

என் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு, தொண்டையின் அடியிலிருந்து.

“அழாதை எண்டுறன்.”

சொல்லிக்கொண்டே, பிஸ்கட் ஒட்டிய கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். திரும்பவும் துடைத்தாள். ஒருவர் அழும்போது சொல்ல அவளிடம் இருப்பது அந்த ஒரு வசனம்தான். தன்னிடம் இருந்ததை எனக்குத் தந்தாள்.

நான் அவளுக்கு நிழலாக நின்றேன். ஒரு வசனம் பிந்தி. கூட்டவில்லை, குறைக்கவில்லை, அதே சொல். ஆனால் மெல்ல, லிகாயா தலை பின்னும்போது பேசுகிற குரல் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து.

“அழாதை.”

என் வாயைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு தன் வசனத்தைத் திருப்பிச் சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் மெல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். ரமணன் இரண்டு கோப்பியோடு மழைக்குள் நின்றார், கதவைத் திறக்கவில்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவருக்கு எப்படியோ விளங்கியிருந்தது.

வீடு வரும்வரை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே வந்தோம். ஒருதரம்கூட அவள் என் புதுக் குரலை எடுக்கவில்லை.